தொப்புள் கொடி ரத்தமும் எட்டாம் மாசத்துக் கணக்கும்

எங்கள் லேபுக்குச் சொந்தப் பேர் இல்லாமல் வருகிற சாம்பிள் ஒன்று உண்டு. டியூபின் மேல் 'பேபி ஆஃப்' என்று போட்டு அம்மாவின் பேர், கீழே ஐ.பி. நம்பர், ஓரத்தில் 'கார்டு பிளட்' என்று அவசரக் கிறுக்கல். அரசு மருத்துவமனை ஒன்றின் பயோகெமிஸ்ட்ரி லேபில் டெக்னீஷியனாக எனக்கு இது 22-ஆவது வருடம். பிறந்து கால் மணி நேரம்கூட ஆகாத ஒரு ஆளின் ரத்தம் இன்னும் சூடு ஆறாமல் கைக்கு வரும்போது, இன்றைக்கும் ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் ஸ்டாண்டில் வைக்கிறேன்.

கொடி ரத்தம் என்றதும் பலர் என்னிடம் கேட்பது, "சேமிச்சு வைக்கிறாங்களே, அதுவா?" என்றுதான். அது ஸ்டெம் செல் சமாச்சாரம், வேறு கதை. நாங்கள் பார்ப்பது அதில் என்னென்ன உப்பு, என்னென்ன புரதம், எவ்வளவு அமிலம் என்பதை. அம்மா ஆர்.எச். நெகட்டிவ் என்றால் குழந்தையின் ரத்த வகை, அம்மாவின் எதிர்ப்புப் பொருள் குழந்தையின் சிவப்பணுவில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ஸ் டெஸ்ட், ஹீமோகுளோபின், மஞ்சள் காமாலைக்குக் காரணமான பிலிருபின் எல்லாவற்றுக்கும் கொடி ரத்தம்தான். தைராய்டு ஸ்கிரீனிங்குக்கு தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். பார்ப்பதும் அதில்தான். குழந்தையை ஊசியால் குத்த வேண்டியதில்லை. நஞ்சோடு (பிளாசென்டா) சேர்த்து வாளியில் போகப்போகிற ரத்தம், அவ்வளவுதான்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்ற வைத்தது, கொஞ்ச வருடம் முன்பு எங்களிடம் வந்த ஒரு பி.ஜி. தம்பி. குழந்தைகள் நலத்தில் எம்.டி. படிப்பு. ஆய்வுக் கட்டுரைக்குக் குறைமாதக் குழந்தைகளின் கொடி ரத்தத்தையும் நிறைமாதக் குழந்தைகளின் கொடி ரத்தத்தையும் ஒப்பிட வேண்டும். ராத்திரி 2 மணிக்கும் ஐஸ் பெட்டியோடு லேப் வாசலில் நிற்பார். "அக்கா, ஒரு முப்பத்தோரு வாரம் வந்திருக்கு" என்பார், ஏதோ சொந்தக்காரர் ஊரிலிருந்து வந்த மாதிரி.

எனக்கும் இதில் ஒரு சொந்த அக்கறை இருந்தது. நான் எட்டாம் மாசத்தில் பிறந்தவள். ஏழாம் மாசத்தில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் தங்காது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதற்குப் பயந்து என் பாட்டி ஊர் முழுக்க "ஏழாம் மாசமே பொறந்துட்டா" என்று சொல்லி வைத்திருந்தார். ஒரு மாதத்தைக் குறைத்துச் சொன்னால் எமன் கணக்குத் தப்பிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ! இது நம் ஊர்ச் சரக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். ஹிப்பாக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ ஏடுகளிலும் எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்றே இருக்கிறதாம். அந்தப் பேச்சுக்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் ரத்தம் எடுக்கிற விதம். இதைச் சொல்லாமல் எண்களைச் சொல்வதில் அர்த்தம் இல்லை.

கொடிக்குள் மூன்று குழாய்கள். ஒரு சிரை, இரண்டு தமனி. தமனியில் நல்ல ரத்தம், சிரையில் கெட்ட ரத்தம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது இங்கே தலைகீழ். நஞ்சிலிருந்து ஆக்ஸிஜனோடு குழந்தைக்குப் போவது சிரை. குழந்தை பயன்படுத்திவிட்டுத் திருப்பி அனுப்புவது தமனி. குழந்தை எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் தமனியைக் கேட்க வேண்டும். நஞ்சு எப்படி வேலை செய்தது என்பதைச் சிரை சொல்லும். சிக்கல் என்னவென்றால், சிரை விரல் பட்டாலே அமுங்குகிற பெரிய குழாய், ஊசி சுலபமாக இறங்கும். தமனி இரண்டும் ஒல்லி, சுவர் தடிப்பு, சிரையைச் சுற்றி முறுக்கிக்கொண்டு கிடக்கும். அதுவும் 1 கிலோ குழந்தையின் கொடி என்றால் கேட்கவே வேண்டாம்.

ஊசியில் எடுக்கப் பொறுமை இல்லாதவர்கள் கொடியின் வெட்டிய முனையை டியூப் வாயில் வைத்துப் பால் கறப்பது போலப் பீச்சிவிடுவார்கள். கொடிக்குள் இருக்கும் கொழகொழப்பும் சேர்ந்து வரும், நசுங்கிய சிவப்பணுக்களும் உடையும். அதை சென்ட்ரிஃப்யூஜில் 10 நிமிடம் சுற்றி எடுத்தால், இளமஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய சீரம் ரோஸ்மில்க் நிறத்தில் நிற்கும். சிவப்பணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் எல்லாம் வெளியே. அணுவுக்குள் இருக்கும் எல்.டி.எச்., எஸ்.ஜி.ஓ.டி. என்சைம்கள் எல்லாம் கன்னாபின்னா. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அப்படி ஒரு சாம்பிளில் பொட்டாசியம் 9.1 வந்தது. பெரியவர்களுக்கு 7 வந்தாலே இதயம் நின்றுவிடும் என்று பயப்படுகிற எண். போன் எடுக்கவில்லை என்று லேபர் வார்டுக்கே மூச்சிரைக்க ஓடினேன். அங்கே இருந்த சீனியர் சிஸ்டர் நிதானமாகச் சொன்னார்: "பாப்பா நல்லாத்தான் கத்திட்டு இருக்கு. நீ எதுக்கும்மா கத்துற?"

அன்றிலிருந்து சீரம் நிறத்தைப் பார்க்காமல் எந்த எண்ணையும் நம்புவதில்லை.

இன்னொன்று, கொடி ரத்தத்தில் சிவப்பணு அதிகம். பாதிக்குப் பாதி அணுக்கள்தான். 2 மில்லி ரத்தம் வந்தால் முக்கால் மில்லி சீரம் தேறினால் அதிர்ஷ்டம். சும்மா வைத்திருந்தால் அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், அதன் கழிவான லாக்டேட் ஏறிக்கொண்டே போகும். அதைத் தடுக்கிற ஃப்ளூரைடு போட்ட சாம்பல் மூடி டியூபில் தனியாக எடுக்கவில்லையென்றால் குழந்தைக்குச் சர்க்கரை குறைவு என்று பொய் ரிப்போர்ட் போகும்.

பி.ஜி. தம்பி நன்றாகவே கற்றுக்கொண்டார். ஆனால் முதல் வாரத்தில் ஒரு கூத்து. ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போட்ட இரண்டு சிரிஞ்ச் கொண்டுவந்தார், ஒன்றில் தமனி, ஒன்றில் சிரை என்று எழுதியிருந்தது. ரத்த வாயு மெஷினில் போட்டேன். ஒன்று பி.எச். (இறங்க இறங்க அமிலம் அதிகம்) 7.35, இன்னொன்று 7.34.

"சார், ரெண்டும் ஒரே எடத்துல எடுத்ததா?"

"இல்லக்கா, லேபிள் போட்டிருக்கேனே."

"லேபிள் போட்டா ரத்தம் மாறிடுமா தம்பி?"

தமனியின் பி.எச். சிரையைவிடக் குறைந்தது 0.02 கீழே இருக்க வேண்டும். கார்பன் டை ஆக்ஸைடு கூடுதலாக இருக்க வேண்டும். பொதுவாகச் சிரையில் 7.35-ஐ ஒட்டியும் தமனியில் 7.27-ஐ ஒட்டியும் நிற்கும். இரண்டும் ஒன்றாக வந்தால் இரண்டும் ஒரே குழாய்தான், அனேகமாகச் சிரை. அப்புறம் நானும் அவரும் ஒரு நஞ்சைத் தட்டில் விரித்துப் பார்த்தோம். நஞ்சின் மேல்பரப்பில் தமனியும் சிரையும் குறுக்கிடும் இடத்தில் தமனி மேலே போகும், சிரை கீழே போகும். கொடியில் கிடைக்காவிட்டால் அங்கே பார்த்து எடுக்கலாம். அன்றைக்குப் பிறகு அவர் தப்பாக எடுத்தது குறைவு.

சரி, எண்களுக்கு வருவோம்.

கட்டுரை தொடங்கும்போது அவர் நினைத்தது, நானும் நினைத்தது, குறைமாதக் குழந்தையின் ரத்தம் எல்லா வகையிலும் மோசமாக இருக்கும் என்று. அந்த 31 வாரக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் எகிறி, முகம் கை கால் வீங்கி, ராத்திரியோடு ராத்திரியாக சிசேரியன். எடை 1,350 கிராம். முதல் நிமிட ஆப்கார் மதிப்பெண் 5. தமனி பி.எச். 7.27. அதே ராத்திரி பக்கத்து டேபிளில் 39 வாரத்தில் பிறந்து வீல் என்று அழுத 3 கிலோ குழந்தைக்கு 7.26.

ஆப்கார் மதிப்பெண் என்பது குழந்தையின் நிறம், அழுகை, கை கால் அசைவு, மூச்சு, இதயத் துடிப்பு ஐந்தையும் பார்த்துப் பத்துக்குப் போடுகிற மார்க். அமெரிக்க மயக்க மருந்து நிபுணர் வர்ஜீனியா ஆப்கார் 1953-இல் வெளியிட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவரோடு வேலை செய்த ஸ்டான்லி ஜேம்ஸும் சகாக்களும் 1958-இல் கொடி ரத்தத்தின் அமில காரத்தை அளந்து, பிறக்கும்போது மூச்சுத்திணறிய குழந்தைகளோடு பொருத்திப் பார்த்து எழுதினார்கள். எங்கள் மெஷின் இன்றைக்குச் செய்கிற வேலையின் மூலம் அங்கே இருக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு மார்க் குறைவது பெரும்பாலும் மூச்சுத்திணறியதால் வருவதில்லை. தசை இன்னும் தொளதொள, நுரையீரல் இன்னும் பழுக்கவில்லை. ஆக்ஸிஜன் உண்மையிலேயே குறைந்திருந்தால் அமிலம் ஏறி இருக்கும். தமனி பி.எச். 7.0-க்குக் கீழே போய், காரப் பற்றாக்குறை (அமிலத்தைச் சமாளிக்கும் காரம் எவ்வளவு தீர்ந்தது என்ற எண்) 12-ஐத் தொட்டால்தான் மூளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய அமிலம். 7.27 சொன்னது என்ன? கடைசி நிமிடம் வரை நஞ்சு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது என்று.

சோடியம் பார்த்தோம், அம்மாவுக்கு இருப்பதுதான். யூரியா, அதேதான். கிட்னி கழிக்க வேண்டிய கிரியாட்டினின் 1.5 வந்தபோது தம்பிக்கு முகம் மாறிவிட்டது. "அக்கா, குழந்தைக்குக் கிட்னி போச்சா?" என்றார்.

"அம்மா ரிப்போர்ட் எடுங்க தம்பி."

அம்மாவுக்கும் 1.5.

கிரியாட்டினின் நஞ்சைத் தாண்டி இரண்டு பக்கமும் போய்வரும். வயிற்றில் இருக்கிறவரை குழந்தைக்குத் தனிக் கணக்கு இல்லை, கூட்டுக் குடும்பம் மாதிரி ஒரே உலை. அந்தக் குழந்தையின் மக்னீசியமும் 3.4 என்று ஏறி இருந்தது, சாதாரணமாக 2-ஐ ஒட்டி நிற்க வேண்டியது. வலிப்பு வராமல் இருக்க அம்மாவுக்குப் போட்ட மக்னீசியம் சல்பேட் ஊசிதான் அது. குழந்தை துவண்டு கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அம்மாவுக்குப் பிரசவ நேரத்தில் குளுக்கோஸ் பாட்டில் வேகமாக ஏற்றினால் கொடியில் சர்க்கரை ஜம்மென்று இருக்கும். குழந்தையின் உடம்பு அதற்கு இன்சுலினைச் சுரந்து வைத்துவிடும், கொடியை வெட்டிய ஒரு மணி நேரத்தில் சர்க்கரை சரேலென்று இறங்கும். நுரையீரல் பழுக்க அம்மாவுக்கு டெக்ஸாமெத்தசோன் நாலு ஊசி போடுகிறார்களே, நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி இருவரும் 1972-இல் ஸ்டீராய்டின் பலனைக் காட்டியதிலிருந்து வந்த பழக்கம், அதுவும் அம்மாவின் சர்க்கரையை ஏற்றி அந்த வழியாகக் குழந்தையிடம் தெரியும். டியூபில் 'பேபி ஆஃப்' என்று எழுதுவது பேருக்காக என்று நினைத்திருந்தேன். உள்ளே இருப்பதற்கும் அது பொருந்துகிறது. கொடி ரத்தத்தில் பாதி அம்மாவின் பேச்சு.

அப்படியானால் 31-க்கும் 39-க்கும் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. ரத்தத்தின் முக்கியப் புரதமான ஆல்புமின் அந்தக் குழந்தைக்கு 2.3. பக்கத்து டேபிள் குழந்தைக்கு 3.3. மொத்தப் புரதம் 31 வாரக் குழந்தைக்கு 4.2, நிறைமாதக் குழந்தைக்கு 5.8. அம்மா கொடுத்து வாங்குவதில் ஆல்புமின் கிடையாது, குழந்தையின் கல்லீரலே செய்துகொள்ள வேண்டும். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். நோய் எதிர்ப்பு ஐ.ஜி.ஜி.யோ அம்மாவிடமிருந்து வருவது, ஆனால் பெரும்பங்கு வருவது கடைசி மூன்று மாதத்தில். நிறைமாதக் குழந்தை அம்மாவைவிடக் கூடுதலாகக்கூட வாங்கிக்கொண்டு வெளியே வரும். முன்னாடியே கிளம்பிவிட்ட குழந்தை, சீர் வண்டி வந்து சேருவதற்குள் தாய் வீட்டை விட்டுப் புறப்பட்ட பெண் மாதிரி.

தலைகீழாக ஒன்று உண்டு: வயிற்றில் இருக்கும்போது குழந்தை செய்கிற ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதம். பெரியவர்களுக்கு 10-ஐத் தாண்டினாலே கல்லீரல் புற்றுநோயா என்று யோசிப்பார்கள். நிறைமாதக் குழந்தையின் கொடியில் அது 50,000-ஐ ஒட்டி இருக்கும், குறைமாதத்தில் லட்சத்தையும் தாண்டும். வயிற்றில் ஆல்புமினின் வேலையில் ஒரு பகுதியைப் பார்ப்பது அதுதான், நாள் நெருங்க நெருங்க இறங்கிவிடும். ஒரு முறை மெஷின் 'அளவுக்கு மேல்' என்று கத்தி, நான் நீர்த்து, மறுபடி நீர்த்து, ஒரு மத்தியானம் முழுக்கப் போயிற்று.

என்னை உண்மையில் ஏமாற்றியது கால்சியம். குறைமாதம் என்றால் குறைவாக இருக்க வேண்டும் அல்லவா? கொடியில் நன்றாகவே இருந்தது. நஞ்சு கால்சியத்தை அம்மாவிடமிருந்து பம்பு வைத்து இழுக்கிறது. குழந்தையின் ரத்தத்தில் அம்மாவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஆனால் எலும்பில் சேருகிற கால்சியத்தில் 80 சதவீதம் கடைசி மூன்று மாதத்தில்தான் போய்ச் சேரும். அந்தப் பெட்டி காலி. கொடியை வெட்டியதும் பம்பு நின்றுவிடுகிறது, ஒன்றிரண்டு நாளில் ரத்தத்திலும் இறங்குகிறது. நிறைமாதக் குழந்தைக்கும் இறங்கத்தான் செய்யும், இதற்கு இன்னும் அதிகம். இரும்பும், கல்லீரலில் சேர்க்கிற சர்க்கரையும் இதே கதை. கொடி ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வார்டில் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டால் ஆபத்து என்பதை நான் தெரிந்துகொண்டது இந்தக் கால்சியத்தால்தான்.

பிலிருபினும் அப்படியே. கொடியில் ஒன்றரை, இரண்டு இருக்கும். குழந்தையின் பிலிருபினை நஞ்சு வழியாக அம்மா வாங்கித் தன் கல்லீரலில் கழித்துவிடுகிறாள். ஆர்.எச். பொருந்தாத குழந்தைக்குக் கொடியிலேயே 5-ஐத் தாண்டினால் டாக்டர்கள் ரத்தம் மாற்றும் பேச்சை எடுப்பார்கள். கொடி வெட்டுப்பட்ட பிறகு, பிலிருபினைக் கரைக்க வேண்டிய கல்லீரல் என்சைம் நிறைமாதத்திலேயே பெரியவர்களுக்கு இருப்பதில் நூற்றில் ஒரு பங்குதான். 30 வாரத்தில் அதிலும் பத்தில் ஒன்று. ஓரளவுக்கு மேல் சேரும் பிலிருபின் ஆல்புமினில் ஒட்டிக்கொண்டால் மூளைக்குப் போகாது. ஒட்டுவதற்கு இங்கே ஆல்புமின் 2.3. நிறைமாதக் குழந்தையைத் தாயோடு விட்டுவைக்கிற அதே அளவு மஞ்சளுக்குக் குறைமாதக் குழந்தையை நீல விளக்கின் கீழ் போடுகிறார்களே, "என் புள்ளைய மட்டும் ஏன்?" என்று தாய்மார்கள் அழுவார்களே, பதில் அந்த 2.3-இல் இருக்கிறது.

எட்டாம் மாசத்துக்கு வருகிறேன். தம்பி ஒரு நாள் எண்களை வாரவாரியாக அடுக்கி லேப் கம்ப்யூட்டரில் படம் போட்டார். ஆல்புமின் கோடு 28-இலிருந்து 40 வரை ஏறிக்கொண்டே போனது. நான் எட்டாம் மாசத்துக்குரிய இடத்தில், 33, 34 வாரத்தில், விரலை வைத்துப் பார்த்தேன். பள்ளம் எதுவும் இல்லை. ஏழைவிட எட்டு மேல், எட்டைவிட ஒன்பது மேல். பாட்டி இருந்தால் காட்டியிருப்பேன். நம்பியிருக்க மாட்டார், அது வேறு. என் தொப்புள் கொடி காய்ந்து விழுந்ததை வெள்ளித் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டிவிட்டவர் அவர். ஒரு வகையில் அவரும் சாம்பிள் எடுத்து வைத்தவர்தான்.

அந்த 31 வாரக் குழந்தையை விட்டுவிட்டேனே. கொடியில் டி.எஸ்.எச். சரியாகத்தான் இருந்தது, 20-க்குள். ஆனால் குறைமாதக் குழந்தைக்குத் தைராய்டை இயக்கும் மூளைப் பகுதியே இன்னும் தயாராகாமல், டி.எஸ்.எச். தாமதமாக ஏறலாம். அதனால் இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். நடுவில் கிரியாட்டினினுக்கும் சாம்பிள் வந்துகொண்டிருந்தது, இப்போது குதிகாலில் குத்தி எடுத்த நாலைந்து சொட்டு. ஐந்தாம் நாள் இரண்டு டியூபையும் பக்கத்தில் வைத்துப் போட்டேன். அம்மாவுக்கு 0.9, வீக்கம் வடிந்து எழுந்து நடக்கிறாராம். குழந்தைக்கு இன்னும் 1.4.

"பிரிஞ்சிடுச்சு தம்பி" என்றேன்.

"என்னக்கா?"

"கணக்கு."

25-ஆம் நாள் குழந்தைக்கு 0.6 வந்தது. டியூபில் அப்போதும் 'பேபி ஆஃப்' என்றுதான் எழுதியிருந்தார்கள். இன்னும் பேர் வைக்கவில்லையாம், எடை 2 கிலோ வரட்டும் என்று காத்திருக்கிறார்கள் என்றார் சிஸ்டர்.